நின்றால் கொதிக்கும் வண்டி

சித்தூரில் ஒரு வாடகைக் கார் ஓட்டுநர் இருந்தார். சொந்த வண்டிதான். ஆனால் கடனில் வாங்கிய வண்டி. மாதம் பிறந்தால் தவணை கட்ட வேண்டும். பழைய டீசல் கார். அதைத் துடைத்துத் துடைத்து வைத்திருப்பார்.

மே மாதம். வேலூரில் இருந்து வந்த ஒரு குடும்பம் திருமலைக்குப் போக அவரிடம் வண்டி பேசியது. ஒரு பாட்டி. அவருடைய மகன், மருமகள். இரண்டு பிள்ளைகள். 300 ரூபாய் தரிசன டிக்கெட் முன்பே வாங்கி வைத்திருந்தார்கள். டிக்கெட்டில் நேரம் போட்டிருந்தது. பாட்டி அதை மடித்து மஞ்சள் பையில் வைத்திருந்தார்.

சித்தூரில் இருந்து திருப்பதி சுமார் 70 கிலோமீட்டர். பூதலப்பட்டு, சந்திரகிரி வழியாகப் போகலாம். நல்ல ரோடு. வண்டி 80 கிலோமீட்டர் வேகத்தில் போனது. வெளியே அனல் அடித்தது. ஆனாலும் சூடு காட்டும் முள் நடுவிலேயே நின்றது. ஒரு தொந்தரவும் இல்லை.

திருப்பதிக்குள் நுழைந்தார்கள். லீலா மஹால் சந்திப்பில் நெரிசல். கபிலதீர்த்தம் தாண்டியும் நெரிசல். அலிபிரியில் எல்லா வண்டிகளையும் நிறுத்திச் சோதிப்பார்கள். அங்கே நீண்ட வரிசை. வண்டி இரண்டு அடி நகரும். பிறகு நிற்கும். மறுபடி இரண்டு அடி.

ஓட்டுநர் ஏ.சி.யை அணைத்தார். "எஞ்சினுக்குப் பாரம் குறையும்மா. கொஞ்சம் பொறுத்துக்குங்க" என்றார். ஜன்னலைத் திறந்துவிட்டார்கள்.

முள் மெல்ல ஏறியது. நடுவைத் தாண்டியது. சிவப்புக் கோட்டைத் தொட்டது. பானட்டுக்கு அடியில் இருந்து புஸ்ஸென்று ஆவி வந்தது. பிள்ளைகள் அலறினார்கள். ஓட்டுநர் வண்டியை ஓரம் கட்டி அணைத்தார்.

பாட்டி டிக்கெட்டை எடுத்து நேரத்தைப் பார்த்தார். ஒன்றும் பேசவில்லை. மகன்தான் பேசினார். "என்னங்க இது? வண்டி நல்லா இருக்குன்னு சொன்னீங்களே!" பிறகு அவர்கள் மூட்டைகளை எடுத்துக்கொண்டு மலைக்குப் போகும் பஸ்ஸைத் தேடிப் போனார்கள். பேசிய வாடகையில் பாதியைக் கேட்கக்கூட ஓட்டுநருக்கு வாய் வரவில்லை. அவர்களாகக் கொடுத்ததை வாங்கிக்கொண்டார்.

நின்ற வண்டியைச் சுற்றிக் கூட்டம் கூடும். கூட்டத்தில் எல்லோரும் மெக்கானிக்தான். ஒருவர், "ரேடியேட்டர் போச்சு. புதுசு போடு" என்றார். இன்னொருவர், "தெர்மோஸ்டாட்டைக் கழற்றி வீசிடு. சரியாயிடும்" என்றார். மூன்றாமவர் தலையை ஆட்டிக்கொண்டே, "ஹெட் கேஸ்கட் போயிருக்கும். எஞ்சினை இறக்கணும்" என்றார். அது பல ஆயிரம் ரூபாய் வேலை. ஓட்டுநருக்குத் தவணை நினைவு வந்தது. வயிற்றைப் பிசைந்தது.

ஒரு மணி நேரத்துக்கு மேல் காத்திருந்தார். வண்டி ஆறியது. தண்ணீர் ஊற்றினார். சித்தூருக்குத் திரும்பினார். வழியெல்லாம் பயம். ஆனால் என்ன ஆச்சரியம்! 70 கிலோமீட்டரும் முள் நடுவிலேயே நின்றது. அசையவே இல்லை.

ஓடினால் சூடாகாத வண்டி, நின்றால் ஏன் கொதிக்கிறது?

இதைப் புரிந்துகொள்ள எஞ்சினுக்குள் கொஞ்சம் எட்டிப் பார்ப்போம்.

எஞ்சினுக்குள் ஓர் அடுப்பு

எஞ்சினுக்குள் டீசலோ பெட்ரோலோ எரிகிறது. ஒரு நிமிடத்தில் ஆயிரக்கணக்கான தடவை எரிகிறது. அந்த எரிப்பில் வரும் சக்தியில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்குதான் வண்டியை ஓட்டுகிறது. ஒரு பங்கு சூடாகப் புகைக்குழாய் வழியே வெளியே போகிறது. மீதி ஒரு பங்கு எஞ்சினின் இரும்பிலேயே தங்கப் பார்க்கிறது. அதை வெளியே எடுத்தே ஆக வேண்டும். எடுக்காவிட்டால் எஞ்சின் ஆயில் சூட்டில் கெட்டு நீர்த்துவிடும். உலோகம் விரியும். பிஸ்டன் இறுகிப் பிடித்துக்கொள்ளும்.

சூட்டை எடுத்துப் போக ஒரு கூலியாள் வேண்டும். அந்தக் கூலியாள்தான் தண்ணீர்.

எஞ்சினைச் சுற்றித் தண்ணீர் ஓட வழி விட்டிருப்பார்கள். வாட்டர் பம்ப் தண்ணீரைத் தள்ளும். தண்ணீர் எஞ்சினின் சூட்டை வாங்கிக்கொள்ளும். மேல் ஹோஸ் வழியாக ரேடியேட்டருக்குப் போகும். ரேடியேட்டரில் மெல்லிய குழாய்கள் இருக்கும். குழாய்களுக்கு நடுவே தகடுகள் மடித்து மடித்து வைத்திருப்பார்கள். அவற்றின் ஊடே காற்று போகும். சூட்டைக் காற்றிடம் இறக்கிவிட்டுத் தண்ணீர் கீழ் ஹோஸ் வழியாக எஞ்சினுக்குத் திரும்பும். மறுபடி சூட்டைச் சுமக்கும். வண்டி ஓடும்வரை இந்த வேலை ஓயாது.

முதன்முதலில் வந்த கார்களில் ரேடியேட்டர் கிடையாது. ஜெர்மனியில் கார்ல் பென்ஸ் 1886-இல் காருக்குக் காப்புரிமை வாங்கினார். அவருடைய காரில் தண்ணீர் சூடாகி ஆவியாகப் போய்விடும். தீரத் தீர ஊற்ற வேண்டும். 1888-இல் அவருடைய மனைவி பெர்தா பென்ஸ் அந்தக் காரை எடுத்துக்கொண்டு புறப்பட்டார். கணவருக்குச் சொல்லவில்லை. கூட இரண்டு மகன்கள். மன்ஹைம் ஊரில் இருந்து போர்ஸ்ஹைம் ஊருக்கு 100 கிலோமீட்டருக்கு மேல். தாய் வீட்டுக்குத்தான் போனார். வழியெல்லாம் கிடைத்த இடத்தில் தண்ணீர் பிடித்து ஊற்றிக்கொண்டே போனார். எரிபொருள் குழாய் அடைத்தபோது தொப்பியில் குத்தும் ஊசியை எடுத்துக் குத்திச் சரிசெய்தார். காரில் முதல் நீண்ட பயணம் போனவர் ஒரு பெண்மணி. வழியில் வண்டியைச் சரிபார்த்தவரும் அவர்தான்.

பிறகு 1901-இல் வந்த மெர்சிடிஸ் காரில் வில்ஹெல்ம் மேபேக் என்பவர் தேன்கூடு மாதிரி ரேடியேட்டர் அமைத்தார். நிறையச் சிறு துளைகள். அவற்றில் காற்று புகுந்து போகும். அன்றிலிருந்து தண்ணீர் ஊற்றும் வேலை குறைந்தது. இன்று நம் ஊரில் ஓடும் கார்களில் இருப்பது அந்த யோசனையின் பிள்ளைதான்.

காப்பி ஆற்றுவது போல

சூடான காப்பியை எப்படி ஆற்றுகிறோம்? டம்ளரில் இருந்து டபராவுக்கு ஊற்றுகிறோம். தூக்கி ஊற்றினால் காற்று நன்றாகப் படுகிறது. சீக்கிரம் ஆறுகிறது. அப்படியே வைத்தால் ஆற நேரமாகும்.

ரேடியேட்டருக்கும் காற்று வேண்டும். வண்டி வேகமாக ஓடும்போது காற்று தானாக வந்து மோதுகிறது. யாரும் விசிற வேண்டாம். வண்டி நின்றால் காற்றும் நின்றுவிடும். ஆனால் எஞ்சின் ஓடிக்கொண்டே இருக்கிறது. சூடும் வந்துகொண்டே இருக்கிறது. அப்போது விசிற ஒரு விசிறி வேண்டும். அதற்குத்தான் ரேடியேட்டருக்குப் பக்கத்தில் ஃபேன் வைத்திருக்கிறார்கள்.

பழைய அம்பாசடர் காரில் ஃபேனை பெல்ட் சுற்றும். பெல்ட்டை எஞ்சின் சுற்றும். வண்டி நிற்கும்போது எஞ்சின் மெதுவாக ஓடும். ஃபேனும் மெதுவாகத்தான் சுற்றும். அதனால் நெரிசலில் பழைய ஓட்டுநர்கள் கியரை நியூட்ரலில் போட்டு ஆக்சிலேட்டரைக் கொஞ்சம் அழுத்திப் பிடிப்பார்கள். ஃபேன் வேகமாகச் சுற்றும். தண்ணீரும் வேகமாக ஓடும். பார்ப்பவர்களுக்கு ஏன் உறுமுகிறார் என்று தோன்றும். காரணம் இதுதான்.

1983-இல் மாருதி 800 வந்தது. அதில் ஃபேனுக்குத் தனி மோட்டார். கரண்ட்டில் ஓடும். தண்ணீர் நன்றாகச் சூடானதும் ஒரு ஸ்விட்ச் தானாக ஃபேனைப் போடும். ஆறியதும் அணைக்கும். இன்றைய கார்களில் பெரும்பாலும் இந்த வகைதான். இதில் ஒரு வசதி உண்டு. எஞ்சின் மெதுவாக ஓடினாலும் ஃபேன் வேகமாகச் சுற்றும். ஓர் ஆபத்தும் உண்டு. ஸ்விட்ச் கெட்டால் ஃபேன் சுற்றாது. நெடுஞ்சாலையில் ஓடும்வரை அது யாருக்கும் தெரியாது.

மூடியைத் திறக்காதீர்கள்

ரேடியேட்டர் மூடி வெறும் மூடி இல்லை. அது குக்கர் மாதிரி. குக்கரில் வெயிட் போட்டால் உள்ளே அழுத்தம் ஏறும். தண்ணீர் 100 டிகிரியில் கொதிக்காது. 120 டிகிரி வரை தாங்கும். அதனால்தான் பருப்பு சீக்கிரம் வேகிறது. ரேடியேட்டர் மூடியிலும் ஒரு ஸ்பிரிங்கும் ரப்பரும் இருக்கின்றன. அவை உள்ளே அழுத்தத்தைப் பிடித்து வைக்கின்றன. தண்ணீர் 100 டிகிரியில் கொதிக்காமல் காக்கின்றன.

ரப்பர் விரிசல் விட்டால் அழுத்தம் நிற்காது. தண்ணீர் சீக்கிரம் கொதித்துவிடும். மலை மேல் இன்னும் சீக்கிரம். திருமலை கடல் மட்டத்தில் இருந்து 800 மீட்டருக்கும் மேல் உயரத்தில் இருக்கிறது. அங்கே திறந்த பாத்திரத்தில் தண்ணீர் 100 டிகிரிக்கு இரண்டு மூன்று டிகிரி முன்பே கொதிக்கத் தொடங்கும்.

வெயிட்டோடு இருக்கும் குக்கரை யாராவது திறப்பார்களா? திறக்க மாட்டார்கள். ஆனால் சூடான ரேடியேட்டரைத் திறக்கிறார்கள்! திறந்த கணத்தில் உள்ளே இருக்கும் தண்ணீர் கொதித்து மேலே பீறிடும். முகம், கை, மார்பு எல்லாம் வெந்துவிடும். துணி போட்டுத் திறந்தாலும் ஆபத்துதான். வண்டியை அணைத்துவிட்டு முக்கால் மணி நேரமாவது காத்திருங்கள். மேல் ஹோஸைத் தொட்டுப் பாருங்கள். கை பொறுக்கும் சூடு வந்த பிறகுதான் மூடியில் கை வைக்க வேண்டும். சில வண்டிகளில் ரேடியேட்டரில் மூடி இருக்காது. பக்கத்து பிளாஸ்டிக் தொட்டியில் இருக்கும். அதற்கும் இதே விதிதான்.

இன்னொன்று. தண்ணீர் வற்றிச் சூடேறிய எஞ்சினில் பச்சைத் தண்ணீரை ஊற்றக் கூடாது. சூடான கண்ணாடி டம்ளரில் குளிர்ந்த தண்ணீர் ஊற்றினால் என்ன ஆகும்? எஞ்சினின் ஹெட்டும் அப்படி விரிசல் விடலாம்.

மெக்கானிக் கேட்ட கேள்வி

மறுநாள் காலை ஓட்டுநர் சித்தூரில் தெரிந்த மெக்கானிக் ஷெட்டுக்குப் போனார். மெக்கானிக் வயதானவர். ஸ்பேனரைக் கையில் எடுக்கவில்லை. முதலில் கேள்வி கேட்டார்.

"தம்பி, ஓடும்போது சூடேறுதா? நிக்கும்போது சூடேறுதா?"

"நிக்கும்போதுதான் அண்ணே. ஓடுனா ஒண்ணும் இல்லை."

"மேட்டுல ஏறும்போது?"

"போன மாசம் பாரத்தோட மலை ஏறினேன். அப்ப ஒண்ணும் ஆகலை. அன்னைக்கு வரிசை இல்லை."

"சரி. அப்ப எஞ்சினை இறக்க வேண்டாம். வண்டியை நிறுத்து. டீ சாப்பிடலாம்."

இந்தக் கேள்வியில்தான் பாதி வைத்தியம் இருக்கிறது. ரேடியேட்டர் உள்ளே அடைத்திருந்தால் வண்டி வேகமாக ஓடும்போதும், மேடு ஏறும்போதும் சூடேறும். ஏனென்றால் அப்போதுதான் எஞ்சின் அதிகமாக உழைக்கிறது. வாட்டர் பம்ப் கெட்டாலும் அப்படித்தான். தெர்மோஸ்டாட் திறக்காமல் ஒட்டிக்கொண்டாலும் அப்படித்தான். ஓடும்போது நன்றாக இருந்து, நிற்கும்போது மட்டும் சூடேறினால் முதல் சந்தேகம் காற்றின் மேல் விழ வேண்டும். அதாவது ஃபேன் மேல்.

டீ குடித்து முடிப்பதற்குள் வண்டி நன்றாக ஆறியிருந்தது. மெக்கானிக் தண்ணீர் அளவைப் பார்த்தார். கொஞ்சம் குறைவு. வண்டிக்கு அடியில் குனிந்து பார்த்தார். சொட்டு இல்லை. ஹோஸ்களை அழுத்திப் பார்த்தார். உப்பல் இல்லை, விரிசல் இல்லை. பிறகு ஒரு டார்ச் விளக்கை எடுத்து ரேடியேட்டருக்கு முன்னால் பார்த்தார். ஏ.சி.யின் ஜாலிக்கும் ரேடியேட்டருக்கும் நடுவே தூசி அப்பிக் கிடந்தது. செத்த பூச்சிகள். காய்ந்த இலைகள்.

"எங்கே நிறுத்துவே வண்டியை?"

"மாந்தோப்பு ஓரமா அண்ணே."

"அதான். மரம் நிழல் தருது. கூடவே குப்பையும் தருது."

சித்தூர்ப் பக்கம் மாந்தோப்பு இல்லாத ஊர் ஏது? ஜூன், ஜூலை வந்தால் மாம்பழக்கூழ் ஆலைகளின் வாசலில் மாங்காய் ஏற்றிய லாரிகளும் டிராக்டர்களும் வரிசை கட்டி நிற்கும். நெரிசலுக்குத் திருப்பதி வரை போக வேண்டியதில்லை.

குப்பையை அவர் தண்ணீர் அடித்துக் கழுவினார். எஞ்சின் பக்கத்தில் இருந்து வெளிப்பக்கமாகக் கழுவினார். அப்போதுதான் வந்த வழியே குப்பை திரும்பும். சர்வீஸ் ஸ்டேஷன் பைப்பால் வேகமாக அடிக்கவில்லை. தகடுகள் மெல்லியவை. மடங்கிவிட்டால் காற்று போகாது.

"இது கொஞ்சம்தான். முழுக் குற்றவாளி வேற" என்றார். எஞ்சினை ஸ்டார்ட் செய்யச் சொன்னார். ஏ.சி.யைப் போடச் சொன்னார். ஃபேன் சர்ரென்று சுற்றியது.

ஓட்டுநருக்கு முகம் வாடிவிட்டது. "ஃபேன் நல்லாத்தானே சுத்துது அண்ணே! அப்ப கேஸ்கட்தானா?"

"அவசரப்படாதே. ஏ.சி.யை அணை."

அணைத்தார். ஃபேன் நின்றது. இருவரும் காத்திருந்தார்கள். முள் நடுவுக்கு வந்தது. நடுவைத் தாண்டியது. ஃபேன் சுற்றவில்லை. இன்னும் கொஞ்சம் ஏறியது. அப்போதும் சுற்றவில்லை. சிவப்புக்கு வெகு முன்பே மெக்கானிக் எஞ்சினை அணைத்துவிட்டார்.

"அலிபிரியில நின்னப்ப ஏ.சி. ஓடிச்சா?"

"இல்லை அண்ணே. எஞ்சினுக்குப் பாரம் வேண்டாம்னு நான்தான் அணைச்சேன்."

மெக்கானிக் சிரித்தார். "ஏ.சி.யை அணைச்சே. ஃபேனையும் சேர்த்து அணைச்சிட்டே!"

நடந்தது இதுதான். அந்த வண்டியில் ஃபேனுக்கு உத்தரவு கொடுக்க இரண்டு வழிகள் உண்டு. ஏ.சி. போட்டால் ஃபேன் சுற்றும். தண்ணீர் சூடானால், ரேடியேட்டரில் இருக்கும் ஸ்விட்ச் ஃபேனைப் போடும். இரண்டாவது வழி எப்போதோ கெட்டுவிட்டது. வெயில் காலத்தில் எப்போதும் ஏ.சி. ஓடியதால் அது தெரியவில்லை. நெரிசலில் ஏ.சி.யை அணைப்பது நல்ல பழக்கம்தான். அவர் செய்ததில் தவறு இல்லை. ஸ்விட்ச் வேலை செய்திருந்தால் ஒன்றும் ஆகியிருக்காது.

இனி சோதனை எளிது. ஏ.சி. போட்டபோது ஃபேன் சுற்றியது. எனவே மோட்டார் நல்லது. ஃபியூஸ் நல்லது. மீதி இருப்பது ஸ்விட்சும் அதற்குப் போகும் ஒயரும்தான். மெக்கானிக் ஸ்விட்சில் இருந்து இரண்டு ஒயரையும் கழற்றினார். சாவியைப் போட்டு, இரண்டு ஒயர்களையும் ஒரு சிறு கம்பியால் இணைத்தார். ஃபேன் சுற்றியது. ஒயரும் நல்லது. கெட்டது ஸ்விட்ச் மட்டுமே.

இரண்டு ஒயர் ஸ்விட்ச் உள்ள பழைய வண்டிகளுக்குத்தான் இந்தச் சோதனை. புதிய வண்டிகளில் ஒரு சிறு கம்ப்யூட்டர் ஃபேனைப் பார்த்துக்கொள்கிறது. அதில் கம்பி வைத்து விளையாடக் கூடாது. அதற்கு வேறு கருவி இருக்கிறது. தெரிந்தவரிடம் காட்ட வேண்டும்.

ஏ.சி. போட்டும் ஃபேன் சுற்றாவிட்டால்? அப்போது ஃபியூஸைப் பாருங்கள். ஃபியூஸ் பெட்டியின் மூடியில் எந்த ஃபியூஸ் எதற்கு என்று படம் போட்டிருக்கும். எரிந்திருந்தால் அதே அளவு ஃபியூஸ்தான் போட வேண்டும். கம்பி சுற்றிப் போட்டால் வண்டியே எரியலாம். ஃபியூஸ் சரியென்றால் ரிலேயைப் பார்க்க வேண்டும். பிறகு பாட்டரியில் இருந்து நேராக ஃபேனுக்குக் கரண்ட் கொடுத்துப் பார்ப்பார்கள். அப்போதும் சுற்றாவிட்டால் மோட்டார் போய்விட்டது. ஒரு எச்சரிக்கை. சூடான வண்டியில் ஃபேன் எப்போது வேண்டுமானாலும் சுற்றத் தொடங்கும். சில வண்டிகளில் சாவியை எடுத்த பிறகும் சுற்றும். கை, முந்தானை, துண்டு எதுவும் பக்கத்தில் போகக் கூடாது.

ஸ்விட்சைக் கழற்றியபோது ரேடியேட்டரில் இருந்து தண்ணீர் வடிந்தது. செங்கல் கரைத்தது போல் இருந்தது. மெக்கானிக் ஓட்டுநரைப் பார்த்தார்.

"என்ன தண்ணி ஊத்துறே?"

"வீட்டு போர் தண்ணிதான்."

"வீட்டுல வெந்நீர் போடுற பாத்திரத்தைப் பார்த்திருக்கியா? அடியில வெள்ளையா படிஞ்சிருக்குமே!"

ஓட்டுநருக்குப் புரிந்தது. உப்புத் தண்ணீரைச் சுடவைத்தால் உப்பு படியும். ரேடியேட்டரின் குழாய் மெல்லியது. அதில் படிந்தால் வழி அடைக்கும். கூடவே துருவும் சேரும். இன்னும் ஒரு வருடம் இப்படியே ஓட்டியிருந்தால் நெடுஞ்சாலையிலும் கொதித்திருக்கும்.

தண்ணீரோடு கூலண்ட் கலந்து ஊற்ற வேண்டும். அது துருவைத் தடுக்கும். கொதிக்கும் சூட்டைக் கொஞ்சம் உயர்த்தும். கடையில் இரண்டு வகை விற்கிறார்கள். ஒன்று அப்படியே ஊற்றுவது. இன்னொன்று தண்ணீர் கலந்து ஊற்றுவது. எது என்று டப்பாவில் போட்டிருக்கும். பாதிக்குப் பாதி கலக்க வேண்டும் என்றால், 4 லிட்டர் பிடிக்கும் வண்டிக்கு எவ்வளவு கூலண்ட்? 2 லிட்டர். தண்ணீர் 2 லிட்டர். அந்தத் தண்ணீரும் பாட்டரிக்கு ஊற்றும் சுத்தமான தண்ணீராக இருக்க வேண்டும்.

கூலண்ட் விஷம். ஆனால் ருசி இனிப்பு. அதுதான் பயங்கரம். பச்சை, சிவப்பு, நீலம் என்று சர்பத் நிறத்தில் இருக்கும். குழந்தை எடுத்துக் குடித்துவிடும். நாய் நக்கிவிடும். தண்ணீர் பாட்டிலில் ஊற்றி வைக்காதீர்கள். பழைய கூலண்ட்டைச் சாக்கடையில் கொட்டாதீர்கள். மாடு வாய் வைக்கும்.

புது ஸ்விட்ச் போட்டார்கள். ரேடியேட்டரைக் கழுவினார்கள். மூடியின் ரப்பர் வெடித்திருந்தது. அதையும் மாற்றினார்கள். கூலண்ட் ஊற்றி, மூடி போடாமல் எஞ்சினை மெதுவாக ஓடவிட்டார்கள். உள்ளே சிக்கிய காற்று குமிழ் குமிழாக வந்தது. குமிழ் நின்றதும் நிரப்பி மூடினார்கள். பிறகு ஏ.சி. போடாமல் வண்டியை அப்படியே ஓடவிட்டுக் காத்திருந்தார்கள். முள் நடுவைச் சற்றே தாண்டியது. ஃபேன் சர்ரென்று கிளம்பியது! முள் இறங்கியது. ஃபேன் நின்றது. மறுபடி ஏறியது. மறுபடி கிளம்பியது. ஓட்டுநர் நாலைந்து முறை பார்த்துக்கொண்டே நின்றார்.

ஸ்விட்ச் விலை சில நூறு ரூபாய். மூடி, கூலண்ட், கூலி எல்லாம் சேர்த்தாலும் எஞ்சினை இறக்கும் செலவுக்குப் பக்கத்தில்கூட வராது.

"தெர்மோஸ்டாட்டைக் கழற்றி வீசச் சொன்னாங்க அண்ணே" என்றார் ஓட்டுநர்.

"அது வாசல் கதவு தம்பி. எஞ்சின் குளிர்ந்திருக்கும்போது மூடியிருக்கும். சூடானதும் திறக்கும். கதவைப் பிடுங்கிப் போட்டா எஞ்சின் சரியான சூட்டுக்கே வராது. டீசல் அதிகம் குடிக்கும்."

தெர்மோஸ்டாட்டைச் சந்தேகப்பட்டால் சோதிக்கலாம். கழற்றி, நூலில் கட்டி, ஒரு பழைய பாத்திரத்துத் தண்ணீரில் தொங்கவிட்டுச் சுடவைக்க வேண்டும். சமைக்கும் பாத்திரம் வேண்டாம். பெரும்பாலான தெர்மோஸ்டாட்டுகள் 80 டிகிரிக்கு மேல் 90 டிகிரிக்குள் திறக்கத் தொடங்கும். அந்த எண் அதன் மேலேயே பொறித்திருக்கும். தண்ணீர் கொதித்தும் திறக்காவிட்டால் மாற்ற வேண்டியதுதான்.

கேஸ்கட் போனால் அதற்கு வேறு அடையாளங்கள் உண்டு. புகைக்குழாயில் வெள்ளைப் புகை நிற்காமல் வரும். எஞ்சின் ஆயில் பால் கலந்த டீ மாதிரி ஆகிவிடும். சொட்டு இல்லாமலே தண்ணீர் குறைந்துகொண்டு போகும். ரேடியேட்டரில் குமிழ் ஓயாது. இந்த அடையாளங்களைச் சோதித்துப் பார்க்காமல் எஞ்சினை இறக்கச் சம்மதிக்காதீர்கள். ஆனால் சிவப்புக் கோட்டைத் தாண்டியும் "இன்னும் கொஞ்ச தூரம்தானே" என்று ஓட்டினால் நல்ல கேஸ்கட்டும் போய்விடும். பல எஞ்சின்கள் அப்படித்தான் போகின்றன.

நெரிசலில் முள் ஏறினால்

முள் நடுவைத் தாண்டி ஏறுகிறதா? முதலில் ஏ.சி.யை அணையுங்கள். உங்கள் வண்டியில் ஹீட்டர் இருந்தால் அதை முழுதாகப் போடுங்கள். மே மாதத்தில் ஹீட்டரா என்று கேட்பீர்கள். வண்டியில் இருப்பவர்கள் திட்டத்தான் திட்டுவார்கள். ஆனால் ஹீட்டரும் ஒரு குட்டி ரேடியேட்டர்தான். எஞ்சின் சூட்டைக் கொஞ்சம் வண்டிக்குள் இழுத்துவிடும். ஜன்னலைத் திறந்துகொள்ளுங்கள். முன்வண்டியின் வாலைப் பிடித்துக்கொண்டு நிற்காதீர்கள். அதன் சூடான புகையும் உங்கள் ரேடியேட்டருக்குத்தான் வரும். வரிசை நீண்ட நேரம் நகராது என்று தெரிந்தால் எஞ்சினை அணைத்துவிடலாம்.

அப்படியும் சிவப்பைத் தொட்டால் ஓரம் கட்டுங்கள். அணையுங்கள். ஆவி வந்தால் அது அடங்கும்வரை பானட்டைத் திறக்க வேண்டாம். குழந்தைகளை வண்டியை விட்டுத் தள்ளி நிற்கச் சொல்லுங்கள். பிறகு காத்திருங்கள். வேறு வழி இல்லை. எப்போதும் டிக்கியில் ஒரு கேன் சுத்தமான தண்ணீர் இருக்கட்டும். மலை ஏறும் பழைய லாரி ஓட்டுநர்கள் சாப்பாட்டை மறந்தாலும் தண்ணீர் டின்னை மறக்க மாட்டார்கள்.

புரட்டாசி மாதம் வந்தது. புரட்டாசிச் சனிக்கிழமை என்றால் தமிழ்நாட்டில் இருந்து திருமலைக்குக் கூட்டம் அலைமோதும். வேலூரில் இருந்து ஓட்டுநருக்கு போன் வந்தது. அதே குடும்பம். பாட்டிக்கு இன்னொரு தடவை போக வேண்டுமாம். மகன் தயங்கித் தயங்கிக் கேட்டார். "வண்டி இப்ப எப்படிங்க?"

"வந்து பாருங்க சார்" என்றார் ஓட்டுநர்.

அலிபிரியில் அதே வரிசை. அன்றைக்கு இன்னும் நீளம். வண்டி இரண்டு அடி நகர்ந்தது. நின்றது. ஓட்டுநர் ஏ.சி.யை அணைத்தார். மகன் முள்ளையே பார்த்துக்கொண்டிருந்தார். முள் நடுவைக் கொஞ்சம் தாண்டியது. முன்னால் இருந்து சர்ரென்று ஒரு சத்தம் வந்தது. மகன் கதவில் கை வைத்துவிட்டார்.

"என்னப்பா அது சத்தம்?" என்று கேட்டார் பாட்டி.

"ஃபேன் சுத்துதும்மா" என்றார் ஓட்டுநர்.

பாட்டி மஞ்சள் பையில் இருந்து டிக்கெட்டை எடுத்தார். இன்னும் இரண்டு மணி நேரம் இருந்தது.